கொரிய அழகுப் பொருட்களில் எதை நம்பி வாங்குவது?

கேள்வி: கல்லூரி முதலாண்டு படிக்கும் என் மகள் ஏழு கொரியப் பொருட்களின் பட்டியலைக் கொடுத்திருக்கிறாள். எண்ணெய்க் கிளென்சர், நுரைக் கிளென்சர், டோனர், நத்தைச் சீரம், வல்லாரைக் கிரீம், ஷீட் மாஸ்க், சன்ஸ்கிரீன். நம் தோலுக்கு இவை ஒத்துக்கொள்ளுமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: இந்த மாதம் சன்ஸ்கிரீன் ஒன்றை மட்டும் வாங்கிக் கொடுங்கள். மற்றவற்றுக்கு அவசரமே இல்லை.

கணவரின் ஆராய்ச்சி வேலைக்காக நான்கு ஆண்டுகள் கொரியாவின் சுவோன் நகரில் இருந்தேன். இந்தப் பொருட்களை ஆசை ஆசையாக வாங்கியதும், ஒன்றைப் பூசி முகம் வெந்துபோனதும், பிறகு நிதானமாகத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

கற்றுக்கொடுத்தவர் எங்கள் மேல்மாடியில் குடியிருந்த ஓர் ஆசிரியை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முதல்முறை என்னோடு கடைக்கு வந்தபோது, நான் நீட்டிய பெட்டியை வாங்கிய கையோடு பின்பக்கம் திருப்பிவிட்டார். முன்பக்கத்தில் இருந்த அழகான வல்லாரை இலைப் படத்தை அவர் பார்க்கவே இல்லை. பொடி எழுத்தில் அச்சடித்திருந்த சேர்மானப் பட்டியலில் விரலை வைத்து, அரிசியில் கல் பொறுக்குகிறவரைப் போல ஒவ்வொரு பெயராக நகர்ந்துகொண்டே போனார். எதற்கு இவ்வளவு கவனம் என்று கேட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் பேசினார்.

கொரியக் குளிர்காலத்தில் வீட்டின் தரையைச் சூடாக்குவார்கள். காற்று உலர்ந்துவிடும் என்பதால் ஈரத்தைப் புகைபோலப் பரப்பும் கருவி பல வீடுகளில் ஓடும். அதன் தண்ணீரில் கிருமி சேராமலிருக்க ஊற்றும் திரவம் 1994 முதல் கடைகளில் விற்றது. குழந்தைக்கும் பாதுகாப்பானது என்று புட்டியிலேயே எழுதியிருந்தவையும் உண்டு. 2011 வசந்தத்தில் சியோலில் கர்ப்பிணிகளும் பிரசவித்த தாய்மாரும் காரணம் தெரியாத நுரையீரல் நோயோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்தத் திரவத்தைச் சுட்டிக்காட்டியது. இறந்தவர்களில் பச்சைக் குழந்தைகளும் உண்டு. அத்தகைய திரவங்களில் கலந்திருந்த ஒரு இரசாயனமே 2016இல் பற்பசைகளில் சிறிதளவு இருப்பது தெரியவந்து, அவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அழகுப் பொருட்களின் சேர்மானங்களைப் பிரித்துக் காட்டும் 'ஹ்வாஹே' என்ற செயலி அங்கே 2013இல் வந்தது. அது அவ்வளவு வேகமாகப் பரவியதற்குப் பின்னால் இந்தத் துயரமும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். நம் ஊருக்குக் கொரியாவின் கிரீம்கள் வந்துவிட்டன, பெட்டியைத் திருப்பிப் பார்க்கும் அந்தக் கை இன்னும் வரவில்லை.

சரி, திருப்பினால் எதைப் பார்ப்பது? எது அதிகமோ அது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்குக் குறைந்தவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். பட்டியலில் 'பீனாக்ஸிஎத்தனால்' இருந்தால் அதை எல்லைக்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள். கெடாமலிருக்கச் சேர்க்கும் அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே ஒரு சதவீதம். ஆகவே அதற்குப் பின்னால் வருவது எதுவானாலும் அந்த அளவுக்கு மேல் இருக்காது. பெட்டியின் முன்பக்கத்தில் படமாக வீற்றிருக்கும் பொருள் சில சமயம் இந்தக் கல்லுக்கு அப்பால் ஒதுங்கிக் கிடக்கும். 'சாறு 70 சதவீதம்' என்ற எழுத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சாற்றின் பெரும்பகுதி தண்ணீர்தான்.

என் முகம் வெந்த கதையும் இதில்தான் இருக்கிறது. அங்கே 'சிகா' என்று விற்பது நம் வல்லாரையை. துவையல் அரைத்துச் சாப்பிட்ட கீரை என்ன செய்துவிடும் என்ற நம்பிக்கையில் அந்தக் கிரீமை இரண்டு வேளையும் பூசினேன். மூன்றாம் நாள் கன்னம் இரண்டும் சிவந்து எரிந்தன. மாடியிலிருந்து அவர் இறங்கி வந்து, பெட்டியைக் கேட்டு வாங்கி, கடைசி வரியில் விரலை வைத்தார். லாவெண்டர் எண்ணெய், பிறகு லினலூல், லிமோனீன் என்ற வாசனைப் பொருட்கள். உனக்கு ஒவ்வாதது பெரும்பாலும் அந்த வாசனைதான், வல்லாரையைக் குறை சொல்லாதே என்றார். பின்னாளில் வாசனையில்லாத வல்லாரைக் கிரீம் ஒன்றைப் பூசியபோது எதுவும் ஆகவில்லை. ஒவ்வாமை தரக்கூடிய 25 வாசனைப் பொருட்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று கொரியாவில் 2020 முதல் விதி உண்டு. உங்கள் மகளுக்குத் தோல் சட்டென்று சிவக்கும் இயல்பு இருந்தால் அந்தக் கடைசி வரியை முதலில் படியுங்கள்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். வெயிலைத் தடுப்பது, சுருக்கத்தைக் குறைப்பது போன்ற பலனைச் சொல்லி விற்கும் பொருட்களுக்கு அங்கே அரசின் தனிப் பரிசீலனை உண்டு. அதில் ஒரு வகையின் பெயர் 'மிபெக்'. சொல்லுக்கு அழகிய வெண்மை என்று பொருள். அதற்கு ஏற்ற சேர்மானங்களில் ஒன்று வைட்டமின் பி3 வகையான நியாசினமைடு, 2 முதல் 5 சதவீதம். பரு ஆறிய பிறகு நிற்கும் கறுப்புத் தழும்பு அதனால் இரண்டு மூன்று மாதங்களில் ஓரளவு மங்கும். அவ்வளவுதான். பிறவி நிறத்தை அது மாற்றாது, மாற்றவும் வேண்டியதில்லை. விளம்பரத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் முகத்தில் பாதி ஈரப்பசை, பாதி விளக்கு வெளிச்சம். பதினெட்டு வயதுப் பெண் தன் மாநிறத்தை ஒரு குறையாக நினைத்து இந்தப் பட்டியலைப் போட்டிருந்தால், கடைக்குப் போவதற்கு முன் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

சன்ஸ்கிரீனை முதலில் சொன்னதற்குக் காரணம், தழும்பைக் கறுக்க வைப்பது வெயில். நம் நிறத்துக்குச் சாம்பல் பூசினாற்போலத் தெரியாத மெல்லிய சன்ஸ்கிரீன்கள் கொரியாவில் நிறைய. பெட்டியில் எஸ்.பி.எஃப். எண்ணோடு (தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் கதிரைத் தடுக்கும் அளவு) பி.ஏ. என்ற எழுத்தும் (தோலைக் கறுக்க வைக்கும் கதிரைத் தடுக்கும் அளவு) அதன் பக்கத்தில் கூட்டல் குறிகளும் இருக்கும். நான்கு குறி என்பதே உச்சம். ஆனால் 2020 இறுதியில், 50க்கு மேல் என்று விற்ற புகழ்பெற்ற ஒரு கொரிய சன்ஸ்கிரீன் தனிச் சோதனையில் சுமார் 19 மட்டுமே காட்டியது. விற்பனையை நிறுத்தினார்கள். ஆகவே எண்ணை மட்டும் நம்பிச் சிக்கனமாகத் தடவாதீர்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்கு ஒவ்வொரு கோடு, முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். வெயிலில் நெடுநேரம் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

வாங்கும் இடத்தில் கண்டிப்பாக இருங்கள். முறையாக இந்தியாவுக்கு வந்த பொருளில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் மூன்றும் இருக்க வேண்டும். கொரியத் தேதியில் ஆண்டு முன்னால் வரும், பிறகு மாதம், நாள். பக்கத்தில் இருக்கும் சொல் 'ஜேஜோ' என்றால் தயாரித்த நாள், 'க்காஜி' என்றால் அதுவரை பயன்படுத்தலாம். படிக்கத் தெரியாவிட்டால் அலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டுங்கள். பெயர் மட்டும் கொரியப் பெயராக, ஒரு வாரத்தில் வெளுப்பு என்று சொல்லி வரும் முகவரியில்லாக் கிரீம்களை வீட்டுக்குள் விடவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கக்கூடும். கேரளத்தின் கோட்டக்கல்லில் வெளுப்புக் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மீதி ஆறுக்கு வருகிறேன். சன்ஸ்கிரீனை இரவில் கழுவ நுரைக் கிளென்சர் ஒன்று போதும். கழுவியபின் தோல் இழுத்துப் பிடித்தால் அது அவளுக்குக் காரமானது, மாற்றுங்கள். டோனரும் ஷீட் மாஸ்க்கும் இல்லாமல் ஒரு குறையும் வராது. நத்தையின் கோழையிலிருந்து செய்யும் நத்தைச் சீரம் ஈரப்பசை தரும், அதைவிடப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கிரீம் வேண்டுமானால் அடுத்த மாதம், வாசனையில்லாததாக. எதுவானாலும் முதலில் முழங்கையின் உள்மடிப்பில் நாளைக்கு இருமுறை, ஒரு வாரம் முதல் பத்து நாள் பூசிப் பார்க்கச் சொல்லுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள், போகும்போது அந்தப் பெட்டியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.