பங்களாச் சுவரில் பிரெஞ்சு மந்திரி

கேள்வி: ஏற்காட்டில் நாங்கள் வாங்கிய பழைய காபி எஸ்டேட் பங்களாவில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. நீள்வட்டத்துக்குள் சுருள்முடிக்காரர் ஒருவர். பெயர் கோல்பேர், செதுக்கியவர் நாந்தேய் என்று போட்டிருக்கிறது. பழைய சாமான் வியாபாரி, 'வெறும் அச்சுப்படம்' என்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. அச்சுப்படம்தான், 'வெறும்' என்றாரே, அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

கோல்பேர் பதினான்காம் லூயியின் நிதி மந்திரி. 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை ஏற்படுத்தியவர். பத்தே வருஷத்தில் அந்தக் கம்பெனி புதுச்சேரியில் கால் ஊன்றிவிட்டது. ரொபேர் நாந்தேயும் அவருடைய ஊர்க்காரர்தான். பெரிய மனிதர்களை எதிரில் உட்காரவைத்து வரைந்து, தானே செம்புத் தகட்டில் செதுக்குவார்.

சேலத்தில் படம் அச்சடிக்கும் பிளாக் செய்து பிழைத்தவன் நான். அதனால் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். செதுக்குளியைச் சுத்தியலால் தட்டுவதில்லை, உள்ளங்கையால் தள்ளுவார்கள். வளைவு வந்தால் தகட்டைத்தான் திருப்புவார்கள். அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். நாந்தேய் பின்னணிக்கு நீளக் கோடு போடுவார். கன்னத்துக்கு வந்தால் அரிசி நொய் போலக் குட்டிக் குட்டிக் கீறல்கள். அந்தக் கன்னத்தைப் பார்த்தால் மந்திரி முகச்சவரம் செய்த நேரம்கூடத் தெரிந்துவிடும்போல இருக்கும்!

ஒரு லென்ஸ் வாங்குங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால், ஏதோ புத்தகத்தில் இருந்து எடுத்த படம், வியாபாரி ஜெயித்தார். கோடுகளாகவே இருந்து, படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளமும் இருந்தால் செம்புத் தகட்டு அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரத்தை வெட்டியிருந்தால் பள்ளம் இருக்காது, அதற்காகப் பதற வேண்டாம்.

அதோடு முடியவில்லை. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகம் பழைய செம்புத் தகடுகளில் இருந்து இன்றைக்கும் அச்சடித்து விற்கிறது. ஆகவே காகிதத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். காகிதம் வார்த்த சல்லடைக் கம்பிகளின் வரி தெரியாமல் வழவழப்பாக இருந்தால் நாந்தேய் காலத்து அச்சு இல்லை. அவர் இறந்தது 1678இல், வழவழப்புக் காகிதம் வந்தது அடுத்த நூற்றாண்டில். வரி இருந்தாலும் கன்னத்தைப் பாருங்கள். செம்பு மிருதுவானது, மெல்லிய கீறல்தான் முதலில் தேயும். முகம் வெளிறியிருந்தால், தகடு களைத்தபிறகு எடுத்த பிரதி.

எதுவானாலும் லாமினேஷன் செய்துவிடாதீர்கள்! பின்னால் பிளைவுட் இருந்தால் கழற்றிவிட்டு அமிலமில்லாத அட்டை வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பனிக்குக் காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழும்; வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம்.