மருத்துவர் பதில்: ஒரே ராத்திரியில் நுரையீரலில் நீர் கோத்துவிடுமா?

அம்மா, செம்பூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் தொந்தரவுகள் பதினொன்று, பயம் ஒன்றுதான். 2021-ல் கொரோனா வந்து உங்கள் கணவரின் அண்ணன் வென்டிலேட்டரில் இறந்துபோனார். நான்கு நாளாகக் காய்ச்சலும் இருமலுமாக இருக்கும் இவருக்கும் அப்படி ஆகிவிடுமோ, குடும்ப வாகோ என்று கேட்கிறீர்கள். இல்லை, அது பரம்பரையாக வருகிற நோய் இல்லை.

மஞ்சள் சளி, வாய்க்கசப்பு, பாராசிட்டமால் போட்டதும் கொட்டும் வியர்வை, இருமி இருமி வந்த விலா வலி எல்லாம் காய்ச்சலோடு வந்தவை, அதோடு போய்விடும். விடுங்கள்.

யூடியூபில் பார்த்த 'சைட்டோகைன் புயல்' வானத்திலிருந்து விழுவதில்லை. நுரையீரலின் காற்றறைச் சுவர் ஒரு மைக்ரானைவிட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லியது, அதற்கு அந்தப் பக்கமே ரத்தம் ஓடுகிறது. கிருமி நுழைந்ததும் காவல் செல்கள் ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன் என்கிற ரசாயனங்களால் ஆள் கூப்பிடுகின்றன. ஓடிவரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகக் கிருமியோடு சுவரையும் சேர்த்து அரித்துவிட்டால், ரத்தத்திலிருக்கும் புரத நீர் அறைக்குள் கசிகிறது, அறைகளை விரித்து வைத்திருக்கும் சர்ஃபாக்டன்ட் கெட்டு அவை ஒட்டிக்கொள்கின்றன. இதற்குச் சில மணி நேரமோ சில நாளோ ஆகும், அதற்குள் உடம்பு சொல்லிவிடும்.

எப்படி? மூச்சு வேகம். அவர் சும்மா படுத்திருக்கும்போது, அவரிடம் சொல்லாமல் (சொன்னால் மூச்சை மாற்றிவிடுவார்), சட்டைப் பொத்தான் ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 12 முதல் 20 வரை சரி. 24-ஐத் தாண்டினாலோ, ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கினாலோ, ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

போகிற போக்கில் கடைசி வரியில், போன வாரம் முழங்கால் மழைத்தண்ணீரில் நடந்து வந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்! மும்பை மழைக்காலத்தில் அப்படி நடந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சலை நினைக்காமல் இருக்க முடியாது. அது சிலருக்கு நுரையீரலிலேயே ரத்தம் கசிய வைக்கும். ஆரம்பத்திலேயே பிடித்தால் மருந்து கேட்கும், அதனால் மூச்சு சரியாக இருந்தாலும் இன்றைக்கே டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சளியில் ரத்தம் தெரிந்தால் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

அப்புறம் அந்த டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை. அண்ணனுக்கு வாங்கியதில் மிஞ்சியதாம், இரண்டு நாளாகக் கொடுத்தீர்களாம்! 2020-ல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளுக்குத்தான் அது உதவியது, தேவைப்படாதவர்களுக்குப் பயன் தெரியவில்லை. உங்கள் வீட்டிலோ என்ன கிருமி என்றே தெரியாமல் எதிர்ப்புச் சக்தியை அமுக்கி, சர்க்கரையையும் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள், காய்ச்சல் குறைந்தது போலத் தெரிந்ததும் இதனால்தான் இருக்கும். இரண்டு நாள்தான் என்பதால் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. அந்த அட்டையைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் மறைக்காமல் காட்டுங்கள்.