மௌனப்பட நாயகி சுலோச்சனா: கேள்வி பதில்

கேள்வி: பழைய இந்திப் படங்களில் அம்மாவாக வருவாரே, அந்தச் சுலோச்சனாவா இவர்?

பதில்: இல்லை, அவர் சுலோச்சனா லாட்கர். நான் சொல்வது ரூபி மையர்ஸ் என்ற சுலோச்சனாவை. 1907இல் புணேயில், பாக்தாத் யூத வம்சத்தில் பிறந்தவர். இந்த இரண்டு பேரையும் ஒருவராகக் குழப்பி எழுதும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: சினிமாவுக்கு எப்படி வந்தார்?

பதில்: தொலைபேசி ஆபரேட்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கோகினூர் கம்பெனியைச் சேர்ந்த இயக்குநர் மோகன் பவ்னானி நடிக்க அழைத்தார். ரூபி மறுத்துவிட்டார். நடிப்பதைப் பெண்களுக்கு இழுக்கு என்று ஊர் நினைத்த காலம். பவ்னானி விடாமல் கேட்டுச் சம்மதிக்க வைத்தார். 1925இல் 'வீர் பாலா'வில் அறிமுகம்.

கேள்வி: வாய் திறந்து ஒரு வசனம் பேசாமல் நடிப்பதில் என்ன பெரிய திறமை?

பதில்: 1927இல் வந்த 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே'யில் அவருக்கு எட்டு வேடங்கள். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருச் சிறுவன், வாழைப்பழம் விற்பவள், பொன்னிறக் கூந்தல் ஐரோப்பியப் பெண் எல்லாம் அவரே. குரலை மாற்றி ஆளை மாற்றிக் காட்ட வழியில்லை. நடை, தோள், பார்வை இவற்றை வைத்தே ஒவ்வொருவரையும் வேறாக்க வேண்டும். இதைத் திறமை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

கேள்வி: பேசும் படம் வந்ததும் ஒதுக்கப்பட்டாரா?

பதில்: அந்த ஆபத்து வந்தது உண்மை. அவருக்கு இந்துஸ்தானி சரளமாக வராது. மௌனப்படத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. 1931இல் இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' வந்தபோது நாயகி ஜுபைதா. சுலோச்சனா சுமார் ஓராண்டு ஒதுங்கி மொழியைக் கற்றார். பிறகு தன் மௌனப்பட வெற்றிகளையே பேச்சோடு மறுபடி நடித்தார். 1932இல் 'மாதுரி' வந்தது. 1929இன் 'இந்திரா பி.ஏ.' 1934இல் 'இந்திரா எம்.ஏ.' ஆனது. பேர் போன நட்சத்திரம் மாணவியாக உட்கார்ந்து எழுத்துக் கூட்டிய அந்த ஓராண்டுதான் அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

கேள்வி: அவருடன் ஜோடியாக நடித்தவர்?

பதில்: தின்ஷா பிலிமோரியா. மௌனப்படத்திலும் பேசும் படத்திலும் புகழ்பெற்ற ஜோடி.

கேள்வி: அவருடைய மௌனப்படங்களை இன்று பார்க்க முடியுமா?

பதில்: இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட மௌனப்படங்கள் எடுக்கப்பட்டன, மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. அன்றைய நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பற்றும், நாளானால் தானே சிதையும். காப்பாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் எதைப் பார்த்து அவரைத் தெரிந்துகொள்வது?

பதில்: 1953இன் 'அனார்கலி'யைப் பாருங்கள். 1928இல் மௌனப்பட அனார்கலி அவர்தான். வேறொரு கம்பெனி அதே கதையை எடுப்பது தெரிந்து, இம்பீரியல் கம்பெனி அவரை வைத்து அவசரமாக முடித்து முந்திக்கொண்டது. 1935இன் பேசும் அனார்கலியும் அவரே. 1973ஆம் ஆண்டுக்கான தாதா சாகேப் பால்கே விருது அவரைத் தேடி வரும் முன் நெடுங்காலம் சின்னச் சின்ன வேடங்களில்தான் நடித்தார்; அவற்றில் ஒன்று இந்த 1953 படத்தில் இருக்கிறது. பீனா ராய் அனார்கலியாக நிற்க, அவளைக் காதலிக்கும் முகலாய இளவரசன் சலீமின் தாயாக வருகிறாரே, அந்த முகத்தைக் கவனியுங்கள்.