ஆன்லைன் சூதாட்டத் தளத்தில் பணம் போடும்போது எதுவும் கேட்காதவர்கள், எடுக்கும்போது மட்டும் ஏன் அடையாள ஆவணம் கேட்கிறார்கள்? கொடுக்கலாமா?

உரிமம் பெற்ற ஒரு பந்தய நிறுவனத்தின் கணக்குச் சரிபார்ப்புப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். சூதாடுவது நல்லதா கெட்டதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆகவே அதற்குள் நான் போகவில்லை. ஆனால் நீங்கள் வசிக்கும் நாட்டின் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்வதோடு, அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தை வங்கிகள் செய்து கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து ஆடுபவருக்குப் பணம் முடங்கிப் போனால், நான் கீழே சொல்லும் முறையீட்டு வழிகள் பெரும்பாலும் உதவாது.

ஆவணம் கேட்பது தன்னளவில் ஏமாற்று வேலை அல்ல. பணம் உள்ளே வருவதைவிட வெளியே போவதில்தான் சட்டத்தின் கண் அதிகமாக இருக்கிறது. ஏனென்றால் தவறான வழியில் வந்த பணத்தைத் தளத்தில் போட்டு, சிறிது ஆடி, மீதியை ‘வென்ற பணம்’ என்ற பெயரில் எடுத்துக்கொள்வது பழைய தந்திரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு நெறிமுறை, பந்தயமாகவோ வென்ற தொகையாகவோ 2,000 யூரோவைத் தொடும்போது வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்துகொள்ளச் சொல்கிறது. அது ஒரே தடவையாக இருக்க வேண்டியதில்லை, ஒன்றோடொன்று தொடர்புள்ள சிறு தொகைகளின் கூட்டலாகவும் இருக்கலாம். இதனால்தான் சிறிய தொகையை எடுக்கப் போனவரிடமும் திடீரென்று கடவுச்சீட்டு கேட்கப்படுகிறது.

எனவே, கேட்டார்களா என்பதைவிட எப்போது கேட்டார்கள் என்பதை வைத்தே நான் ஒரு தளத்தை எடை போடுவேன். பிரிட்டனில் 2019 மே 7 முதல், வயதையும் அடையாளத்தையும் உறுதி செய்யாமல் எவரையும் ஆட விடக் கூடாது என்பது விதி. முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்கும் நேரத்துக்கு ஒத்திவைத்து, அதைக் காரணம் காட்டித் தொகையை நிறுத்தி வைக்கவும் கூடாது. இந்த விதி இல்லாத நாடுகளில் உரிமம் வாங்கிய பல தளங்கள், போடும் வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, எடுக்கும்போது ஒவ்வொரு ஆவணமாகக் கேட்டு நாட்களை இழுக்கின்றன. ஆளுக்குச் சலிப்பு வந்து, இருக்கும் பணத்தையும் ஆடித் தீர்த்துவிடுவார் என்பதே இதன் கணக்கு. இதைத் தவிர்க்க எளிய வழி, கணக்கு தொடங்கியவுடன், பணம் போடுவதற்கு முன்பே, சரிபார்ப்பை நீங்களாகக் கேட்டு முடித்துக்கொள்வது. அதற்கு ஒப்புக்கொள்ளாத தளத்தில் பணம் போட வேண்டிய தேவை என்ன இருக்கிறது?

நாங்கள் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களில் மிகுதியானவை மோசடி அல்ல, பெயர்ப் பொருத்தம் இல்லாதவை. கணக்கில் முதலெழுத்தோடு சுருக்கமாக ஒரு பெயர், ஆவணத்தில் விரித்து எழுதிய இன்னொரு பெயர். அல்லது மனைவியின் கார்டு, அண்ணனின் வாலட். மற்றவர் பெயரில் உள்ள கார்டிலிருந்து பணம் வந்திருந்தால், எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், சரிபார்ப்பவருக்கு அது திருட்டுக் கார்டிலிருந்து வேறுபட்டுத் தெரியாது. அதேபோல, போட்ட வழியிலேயே திருப்பித் தருவது பொது நடைமுறை: ஒரு கார்டிலிருந்து போட்ட தொகை அளவுக்கு அதே கார்டுக்கும், அதற்கு மேல் உள்ளது உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கும் போகும். மூன்று நான்கு வழிகளில் மாற்றி மாற்றிப் போட்டவர், அத்தனைக்கும் தனித்தனியாகச் சான்று கொடுக்க வேண்டிவரும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, புகைப்படம் உள்ள அடையாள அட்டை, கடந்த மூன்று மாதங்களுக்குள் வந்த முகவரிச் சான்று, பணம் போட்ட வழிக்கான சான்று ஆகிய மூன்றும் வழக்கமானவை. பெரிய தொகைகளுக்கு வருமானச் சான்றும் கேட்கலாம். நான்கு மூலைகளும் தெரியாத படமும், விளக்கொளி பட்டு எழுத்து மறைந்த படமும் உடனே திரும்பி வரும். கார்டின் படத்தைக் கேட்டால் முதல் ஆறு இலக்கமும் கடைசி நான்கு இலக்கமும் தெரிந்தால் போதும். நடுவில் உள்ளவற்றையும் பின்புறத்து மூன்று இலக்கச் சிவிவி எண்ணையும் கட்டாயம் மறைத்துவிடுங்கள். அவற்றை மறைக்காமல் அனுப்பச் சொல்லும் தளம் சரிபார்ப்பு செய்யவில்லை, வேறு எதற்கோ வழி செய்கிறது. வங்கிக் கடவுச்சொல்லும் ஓடிபியும் எந்தச் சரிபார்ப்புக்கும் தேவையில்லை. ஆவணத்தை உங்கள் கணக்குக்குள் இருக்கும் பதிவேற்றப் பக்கத்தில் மட்டும் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ‘மேலாளர்’ என்று சொல்லிக்கொண்டு வருபவருக்கு அனுப்பாதீர்கள்.

பணம் போடும் வழியில் அதிகம் கவனிக்க வேண்டியது, பெறுபவர் யார் என்பது. கார்டு வலையமைப்புகளில் சூதாட்டத்துக்கென்றே 7995 என்ற வணிக வகை எண் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் சில வங்கிகள் மறுக்கின்றன, சில வங்கிகள் கிரெடிட் கார்டுச் செலவை ரொக்கம் எடுத்ததாகக் கருதி அன்றைக்கே வட்டி போடத் தொடங்குகின்றன. பிரிட்டன் 2020 ஏப்ரல் 14 முதல் கிரெடிட் கார்டில் சூதாடுவதையே நிறுத்திவிட்டது. ஆனால் உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையில் தளத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு துணிக்கடையின் பெயர் வந்திருந்தால், அந்த எண்ணை ஒளிப்பதற்காக வேறு வணிகத்தின் வழியாகப் பணத்தைத் திசைதிருப்பியிருக்கிறார்கள் என்று பொருள். அதைவிட மோசமானது, தனிநபர் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்வதும், அந்தக் கணக்கு அடிக்கடி மாறுவதும். அவை வாடகைக்கு எடுத்த கணக்குகள். அங்கிருந்து உங்களுக்கு ‘வென்ற பணம்’ வந்தாலும் அது வேறொருவர் ஏமாந்து அனுப்பிய பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் முடக்கப்படும் கணக்குகளின் வரிசையில் உங்களுடையதும் இருக்கும். கிரிப்டோவில் இந்தக் குழப்பம் இல்லை என்பார்கள். அங்கே தவறான வலையமைப்புக்கு அனுப்பிவிட்டால் திருப்பித் தர எவரும் இல்லை, அவ்வளவுதான்.

போனஸ் எடுத்திருந்தால் தொகை நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். 100 என்ற போனஸுக்கு 35 மடங்கு என்று நிபந்தனை இருந்தால், 3,500 அளவுக்குப் பந்தயம் கட்டிய பிறகே எடுக்க முடியும். என்னைக் கேட்டால் போனஸையே வேண்டாம் என்பேன்.

எடுக்க விண்ணப்பித்த தொகை ‘நிலுவையில்’ நிற்கும்போது அதை ரத்து செய்து மீண்டும் ஆட ஒரு பொத்தான் காட்டப்படும். அதைத் தொடாதீர்கள். பிரிட்டன் 2021இல் இந்தப் பொத்தானையே தடை செய்தது என்றால், அது யாருடைய நன்மைக்காக வைக்கப்பட்டது என்பது விளங்கும்.

தொகையை விடுவிக்க வரி, சரிபார்ப்புக் கட்டணம், காப்புத்தொகை என்று எந்தப் பெயரில் புதிதாகப் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நேர்மையான நிறுவனம் தனக்குரிய கட்டணத்தை இருப்பிலிருந்து கழித்துக்கொள்ளும். இப்படிப் புதிதாகப் பணம் கேட்கும் தளத்தில், திரையில் தெரியும் இருப்பு வெறும் எண். முதல் கட்டணத்தைக் கட்டியவரிடம் இரண்டாவது ஒன்று கேட்கப்படும்.

ஆவணம் எல்லாம் ஏற்கப்பட்டும் பணம் வரவில்லை என்றால், அரட்டைப் பெட்டியில் சண்டை போடாமல் முறையான புகாராக எழுதி, தேதியும் தொகையும் விண்ணப்ப எண்ணும் குறிப்பிட்டு, திரைப்பிடிப்புகளை எடுத்து வையுங்கள். உரிம எண்ணைத் தளத்தின் அடியில் இருக்கும் முத்திரையைச் சொடுக்கிப் பார்க்காமல், மால்டா கேமிங் ஆணையம் போன்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். முத்திரைப் படத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். பிரிட்டன் உரிமம் உள்ள நிறுவனமாக இருந்தால், புகாருக்கு எட்டு வாரங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்த நிறுவனம் குறிப்பிட்டுள்ள நடுநிலைத் தீர்வு அமைப்பிடம் கட்டணமின்றிப் போகலாம்.

பணம் கைக்கு வந்து கணக்கை மூடும்போது, சேமித்து வைத்த கார்டு விவரங்களை நீக்கச் சொல்லுங்கள். அடையாள ஆவணங்களை உடனே அழிக்கச் சொன்னால் மறுப்பார்கள்; பணமோசடித் தடுப்புச் சட்டங்கள், ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும், வாடிக்கையாளர் விலகிய பிறகும் ஐந்து ஆண்டுகள் அவற்றை வைத்திருக்கச் சொல்வதால், அந்த மறுப்பில் மட்டும் சூது எதுவும் இல்லை.