ரொட்டி மேக்கர் பரணில் கிடக்கிறது, டிஷ்வாஷர் வாங்கலாமா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர் இருக்கும் வீடு. சில வருடங்களாக ரொட்டி மேக்கர், ஜூஸர், கயிறு இழுத்து நறுக்கும் சாப்பர், ஏர் ஃப்ரையர் என்று ஒவ்வொன்றாக வாங்கினேன். முதல் மூன்றும் இப்போது பரணில். ஏர் ஃப்ரையரை எப்போதாவது எடுக்கிறேன். "காசு கொடுத்துக் குப்பை வாங்குகிறாய்" என்கிறார் கணவர். "நாங்கள் அம்மியும் ஆட்டுக்கல்லும் வைத்துக் குடும்பம் நடத்தவில்லையா" என்கிறார் மாமியார். ஆடித் தள்ளுபடியில் டிஷ்வாஷர் வாங்கலாம் என்று சொன்னதிலிருந்து வீட்டில் சண்டை. இரண்டு வேளையும் பாத்திரம் துலக்குவது நான்தான். இந்தச் சாமான்கள் நிஜமாகவே உதவுகின்றனவா, இல்லை நான்தான் விளம்பரத்தைப் பார்த்து ஏமாறுகிறேனா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்:

அன்புச் சகோதரி,

பரணில் இருக்கும் மூன்றும் உங்களுக்கு வேண்டாம். டிஷ்வாஷர் வேண்டும். தண்ணீரும் இடமும் ஒத்துவந்தால் தயங்காமல் வாங்கலாம். மூன்று சாமான் வீணாகப் போனதால் அடுத்ததும் வீணாகும் என்கிற உங்கள் கணவரின் கணக்கு தவறு.

முதலில் உங்கள் மாமியார் சொன்னதை எடுத்துக்கொள்வோம். ஆட்டுக்கல்லில் ஆட்டிய தலைமுறை அவர். அந்தக் கையின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இன்று உங்கள் வீட்டில் இட்லி மாவு கிரைண்டரில்தானே அரைபடுகிறது? 1955இல் கோவையில் பி.சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கினார். அதற்குப் பேர்போன கல், உங்கள் ஊரிலிருந்து திருப்பூர் போகும் வழியில் இருக்கிற ஊத்துக்குளிப் பக்கத்துக் கல். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆட்டுக்கல் செய்த வேலையை, அதே மாதிரி கல்லை வைத்து, கையை மட்டும் விடுவித்துவிட்டுச் செய்தது கிரைண்டர். உளுந்து மெதுவாக அரைபட்டுக் காற்றை வாங்கிப் பொங்குகிறது. மிக்ஸியில் போல மாவு சூடேறுவதில்லை. இடையிடையே தண்ணீர் தெளித்து ஓரத்தை வழித்துவிட்டால் போதும், முக்கால் மணி நேரத்தில் நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். டேபிள் டாப் கிரைண்டர் மோட்டார் பெரும்பாலும் 150 வாட்தான் இருக்கும். முக்கால் மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கைக் கொஞ்சம்தான் தாண்டும்.

2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லாப் பொருள்கள் திட்டம் ஒன்றில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் கொடுத்தது. அந்தத் திட்டத்தைப் பற்றி யாருக்கு என்ன அரசியல் கருத்து இருந்தாலும், அந்தப் பட்டியல் சரியான பட்டியல். தினமும் யாரோ ஒருவர் தோள் நோகச் செய்துகொண்டிருந்த வேலையை அந்தச் சாமான்கள் எடுத்துக்கொண்டன. அம்மி, ஆட்டுக்கல் காலத்துக்கே திரும்பலாம் என்று சொல்கிறவர்கள், அதில் யார் உட்கார்ந்து அரைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது பரணுக்கு வருவோம். ரொட்டி மேக்கர் ஏன் தோற்றது? சப்பாத்திக் கட்டையில் தேய்க்கிற பதத்தில் பிசைந்த மாவு அதற்கு ஒத்துவராது. இன்னும் தளர்வாகப் பிசைந்து, நன்றாக ஊறவிட்டு, ஒரு நொடி அழுத்தி உடனே மூடியைத் தூக்க வேண்டும். அழுத்தம் கொஞ்சம் கூடினால் கிழியும், மாவு இறுக்கமாக இருந்தால் சுருங்கிக்கொள்ளும். நீங்கள் ஏற்கெனவே கைப்பழக்கத்தில் செய்துவந்த ஒரு வேலைக்கு அது புதிய பழக்கம் ஒன்றைக் கேட்டது. காலை ஏழு மணிக்கு ஐந்து டிபன் பாக்ஸ் கட்டுகிற ஆசிரியைக்கு அதைக் கற்றுக்கொள்ள நேரம் ஏது? அது உங்கள் தவறு என்று நினைக்காதீர்கள்.

சாப்பர் கதை வேறு. கொங்கு நாட்டுச் சமையலில் சின்ன வெங்காயம் இல்லாமல் ஒரு குழம்பும் இறங்காது. அதை உரிப்பதுதான் வேலை, நறுக்குவது ஒன்றுமில்லை. சாப்பர் உரித்துக் கொடுக்காது. அப்புறம், முட்டைகோஸையும் பீன்ஸையும் அதில் போட்டால் பாதி கூழ், பாதி துண்டு. தண்ணீர் விட்டுக்கொண்டு பொரியல் வதங்காமல் வேகும். கூரான ஒரு கத்தியும் நல்ல பலகையும் இருந்தால் அதைவிடச் சீக்கிரம் முடியும். வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவைத்து உரித்துப் பாருங்கள், தோல் இளகி வரும். செலவில்லாத வழி.

ஜூஸரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் சல்லடையை உடனே கழுவாவிட்டால் நார் காய்ந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு டம்ளர் சாறுக்கு ஐந்தாறு பாகங்களைக் கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும். பழத்தை அப்படியே சாப்பிடலாம், நார்ச்சத்தும் கிடைக்கும்.

பொருட்காட்சியில் டெமோ காட்டுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? கேரட் ஏற்கெனவே தோல் சீவித் தயாராக இருக்கும். அவர் நறுக்குவார், பிழிவார், துருவுவார், கூட்டம் வியந்து பார்க்கும். கடைசிவரை அந்தச் சாமானை நம் கண்முன் கழுவிக் காட்ட மாட்டார். ஒரு சாமான் மிச்சப்படுத்தும் நேரத்திலிருந்து, அதைப் பரணிலிருந்து இறக்கி, மாட்டி, கழற்றி, கழுவி, திரும்ப ஏற்றும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள். உங்கள் பரணில் இருக்கும் மூன்றுக்கும் மிச்சம் ஒன்றும் வராது.

எத்தனை நாள் பயன்படுத்துகிறோம் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. முறுக்கு அச்சு வருடத்தில் சில நாள்தான் வெளியே வருகிறது. அதைக் குப்பை என்று யாரும் சொல்வதில்லை. அது செய்கிற வேலையை வேறு எதுவும் செய்யாது, கைப்பிடி அளவு இடம்தான் பிடிக்கும், கழுவுவது எளிது. பெரிய சாமானாகவும் இருந்து, எப்போதாவது மட்டும் வேலைக்கு வந்து, அந்த வேலையையும் வேறொன்று செய்துவிடும் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஏர் ஃப்ரையர் இதில் நடுவில் நிற்கிறது. பெயரில் ஃப்ரையர் இருந்தாலும் அது சூடான காற்றைச் சுழற்றும் சின்ன ஓவன். 1400, 1500 வாட் இழுக்கும். பஜ்ஜி மாவு போன்ற ஈரக் கலவை அதில் வழிந்துவிடும். முறுக்கும் எண்ணெயில் பொரிந்த முறுக்கு மாதிரி வராது. மசாலா தடவிய மீன், சிக்கன், உருளைக்கிழங்கு, சேனைக்கிழங்கு, பனீர் நன்றாக வரும். முந்தின நாள் பப்ஸ், சமோசாவைத் திரும்ப மொறுமொறுப்பாக்கவும் நல்லது. ஆனால் நாலு லிட்டர் கூடையில் ஐந்து பேருக்கு ஒரே தடவையில் ஆகாது. கடைசி ஈடு வெந்து வருவதற்குள் முதல் ஈடு ஆறிவிடும். மேடையில் நிரந்தரமாக அதற்கு ஓர் இடமும் பிளக்கும் கொடுத்து ஒரு மாதம் பாருங்கள். அப்போதும் கை அதன் பக்கம் போகாவிட்டால், தனியாகத் தங்கி வேலை பார்க்கும் உறவுக்காரப் பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஒருவர், இருவர் சமையலுக்கு அது அருமையான சாமான்.

கணவருக்கும் ஒன்று. வீட்டுச் சாமான் என்றாலே மனைவியின் ஆசை என்று வைத்துக்கொள்கிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. 2019இல் மத்தியப் புள்ளியியல் துறை எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்களில் அந்த வேலையில் கை வைத்தவர்களே நாலில் ஒரு பங்குதான்; அவர்கள் செலவிட்டது 97 நிமிடம். பாத்திரம் துலக்காதவருக்கு டிஷ்வாஷர் ஆடம்பரமாகத்தான் தெரியும். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சண்டை போடுவதற்குப் பதில் ஒரு வாரம் இரவுப் பாத்திரத்தை அவரிடம் ஒப்படையுங்கள். அதன் பிறகு உட்கார்ந்து பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

டிஷ்வாஷர் விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு உறுதியாக இருக்கிறேன்? பாத்திரம் துலக்குவது தினமும் வருகிற வேலை. முதுகையும் கையையும் வாங்குகிற வேலை. அதைச் செய்ய எந்தக் கைத்திறமையும் தேவையில்லை. யார் கழுவினாலும் தட்டு தட்டுதான். சப்பாத்தி தேய்ப்பதிலும் காய் நறுக்குவதிலும் உங்கள் கைக்கு ஒரு பதம் இருக்கிறது, இயந்திரம் அதில் தோற்றது. பாத்திரத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் நம் வீடுகளில் நிலைத்ததற்கும் இதுதான் காரணம்.

ஆனால் வாங்குவதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். முதலாவது தண்ணீர். உங்கள் வீட்டுக்கு வருவது காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா? போர் தண்ணீர் கடினத்தன்மை அதிகமாக இருந்தால் தட்டில் வெள்ளைப் படிவு பிடிக்கும், உள்ளே ஹீட்டரிலும் உப்பு ஏறும். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க, டிஷ்வாஷருக்குள் உப்பு போடுவதற்கென்று ஓர் அறை இருக்கும். அதற்கான உப்பைத்தான் போட வேண்டும், சமையல் கல்லுப்பைப் போடக் கூடாது. தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ப மெஷினில் அளவும் வைக்க வேண்டும். கடையில் டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டி ஓர் எண்ணைச் சொல்வார்கள்; அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்த கணக்கு. உங்களுக்கு வேண்டியது கடினத்தன்மை, அதாவது படிவை உண்டாக்கும் கால்சியம், மக்னீசிய உப்புகளின் அளவு. அதைத் தனியாகச் சோதித்து வாங்குங்கள்.

இரண்டாவது, உங்கள் பாத்திரங்கள். எவர்சில்வர் தட்டு, டம்ளர், டிபன் பாக்ஸ், குழி குழியாக இருக்கும் இட்லித் தட்டு, கண்ணாடி, பீங்கான் எல்லாம் போடலாம். இரும்புத் தோசைக்கல், அலுமினியக் குக்கர், பித்தளை, செம்பு, மண்சட்டி, மரக்கரண்டி போடக் கூடாது. அதாவது பெரிய பாத்திரம் சில உங்கள் கைக்குத்தான் வரும். இதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். வாங்கிய மறுநாள் "அப்புறம் இதை ஏன் கையால் தேய்க்கிறாய்" என்ற பேச்சு வராது. டிஷ்வாஷரில் பன்னிரண்டு செட், பதினான்கு செட் என்று எழுதியிருப்பது தட்டை வடிவப் பாத்திரங்களுக்கான கணக்கு. உங்கள் பெரிய குண்டானையும் வடிசட்டியையும் அளந்துகொண்டு போய், அடுக்கின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து பேருக்கு மேடைமேல் வைக்கும் சின்ன மாடல் போதாது.

ஒரு தடவை ஓட இரண்டு, மூன்று மணி நேரம்கூட ஆகும். மின்சாரம் சுமார் ஒரு யூனிட், தண்ணீர் பத்துப் பதினைந்து லிட்டர். குழாயைத் திறந்துவிட்டுத் துலக்குவதைவிடத் தண்ணீர் குறைவு. தனியாக டிடர்ஜென்ட், உப்பு, பளபளப்புத் திரவம் என்று மாதாமாதம் ஒரு செலவு இருக்கும், அதையும் பட்ஜெட்டில் சேருங்கள். போடுவதற்கு முன் பாத்திரத்தைக் கழுவத் தேவையில்லை. கருவேப்பிலை, சோற்றுப் பருக்கையை மட்டும் வழித்துவிட்டால் போதும். கழுவிவிட்டுப் போடத் தொடங்கினால் வேலை இரட்டிப்பாகும்.

பழுதானால் ஈரோட்டிலேயே ஆள் வருவாரா என்றும் கேளுங்கள். மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ், கப்ளர், ஜாருக்கு பிளேடு மாற்றித் தர எந்த ஊரிலும் ஒரு கடை இருக்கிறது. கிரைண்டருக்கும் அப்படித்தான். டிஷ்வாஷருக்கு இன்னும் அந்த வசதி பரவலாக வரவில்லை. ஆகையால் உள்ளூரில் சர்வீஸ் இருக்கிற கம்பெனியாகப் பாருங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மொத்தப் பணமும் கையில் இல்லாமல் தவணையில்தான் வாங்க வேண்டும், அதுவும் வீட்டுச் செலவை இடிக்கும் என்றால், பாத்திரம் துலக்க நியாயமான சம்பளத்தில் ஒருவரை வைத்துக்கொள்வதும் நல்ல வழிதான்.

இன்னொன்றும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தை அடுக்குவது யார், காய்ந்ததும் எடுத்து வைப்பது யார்? இரண்டும் உங்கள் தலையிலேயே விழுந்தால் வேலை பாதிதான் குறையும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவரவர் தட்டை அவரவர் வழித்து உள்ளே வைப்பது, காலையில் பிள்ளைகள் எடுத்து அலமாரியில் அடுக்குவது என்று பிரித்துக்கொள்ளலாம்.

பரணில் இருப்பவற்றை இந்த வாரமே இறக்குங்கள். ஓடுகிற நிலையில் இருப்பதை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடலாம் அல்லது விற்றுவிடலாம். ஓடாத மின்சாமானைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சிக்கான பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது; பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று புதியது வாங்கும் கடையிலேயே கேளுங்கள்.

ஆடித் தள்ளுபடிக்காக அவசரப்பட வேண்டாம். தண்ணீரைச் சோதித்து, சமையலறையில் 60 சென்டிமீட்டர் அகலமும் பக்கத்தில் தண்ணீர் வரவும் போகவும் வழியும் பிளக்கும் இருக்கிறதா என்று ஒரு பிளம்பரையும் எலெக்ட்ரீஷியனையும் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்குள் ஆடி முடிந்துவிட்டால் தீபாவளிக்கும் விலை குறைப்பார்கள்.