குறைவில்லாத தேவன் உலகத்தை ஏன் படைத்தார்?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். சிருஷ்டிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி எழுந்து, "தேவனுக்கு எந்தக் குறையும் இல்லை என்றால் உலகத்தை எதற்காகப் படைத்தார்? தனியாக இருந்து சலித்துப்போய்விட்டாரா?" என்று கேட்டாள். "தம்முடைய மகிமைக்காகப் படைத்தார்" என்றேன். "எல்லாரும் தம்மைப் புகழ வேண்டும் என்பதற்காகவா?" என்று அவள் விடாமல் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வேதம் என்ன சொல்கிறது? – ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி, முதல் கேள்விக்கு வேதம் நேரடியாகவே பதில் தருகிறது. இரண்டாவதுதான் கடினமானது, பெரியவர்கள் பலர் மனத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுக் கேட்காதது. அந்தச் சிறுமியைப் பாராட்டுங்கள்.

தேவனுக்கு ஒரு தேவை இருந்தது, அதை நிரப்ப உலகம் உண்டானது என்ற எண்ணத்துக்கு வேதத்தில் இடமே இல்லை. "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்; பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே" என்கிறது சங்கீதம் 50:12. அத்தேனே பட்டணத்தில் பேசிய பவுலும், எல்லாருக்கும் ஜீவனையும் சுவாசத்தையும் கொடுக்கிறவர் தமக்கு ஏதோ தேவைப்படுவதுபோல மனுஷர் கைகளால் பணிவிடை கொள்ளுகிறதில்லை என்றார் (அப்போஸ்தலர் 17:25). இதன் புதுமை, பண்டைய பாபிலோனியரின் படைப்புக் கதையை அருகில் வைத்துப் பார்த்தால் விளங்கும்: அங்கே தெய்வங்களின் வேலைச் சுமையைத் தூக்குவதற்காகவே மனிதன் உண்டாக்கப்படுகிறான். ஆதியாகமத்திலோ தேவன் தாமே வேலை செய்கிறார், மனிதனுக்கு ஆகாரத்தையும் தாமே ஏற்பாடு செய்கிறார்.

தனிமை என்பதும் பொருந்தாது. சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு பிதாவை நோக்கி, "உலகத்தோற்றத்துக்கு முன் நீர் என்னில் அன்பாயிருந்தபடியினால்" என்று ஜெபிக்கிறார் (யோவான் 17:24). உலகம் இல்லாதபோதும் அன்பு இருந்தது என்றால், அன்பு செலுத்த ஆள் தேடி உலகத்தைப் படைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆகவே படைப்பு கட்டாயத்தால் நேர்ந்ததல்ல, தானமாக வந்தது.

இனி மகிமை. நீங்கள் சொன்ன பதில் தவறல்ல. "என் மகிமைக்கென்று" சிருஷ்டித்தேன் என்பது ஏசாயா 43:7-இல் உள்ளதுதான். ஆனால் அந்த வசனம் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். சிதறடிக்கப்பட்ட ஜனங்களை நான்கு திசைகளிலிருந்தும் திரும்பக் கூட்டிச் சேர்ப்பேன், பயப்படாதே என்று தேவன் ஆறுதல் சொல்லும் பகுதி அது; புகழ்ச்சி கேட்கும் அரசனின் குரல் அங்கே இல்லை. யாத்திராகமம் 33-ஆம் அதிகாரம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. "உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்" என்று மோசே கேட்கும்போது, தேவன் தம்முடைய வல்லமையையோ சிங்காசனத்தையோ காட்டுவதாகச் சொல்லவில்லை. தம்முடைய தயை எல்லாவற்றையும் அவனுக்கு முன்பாகக் கடந்துபோகப் பண்ணுவேன் என்கிறார். யோவான் சுவிசேஷத்தில் மனுஷகுமாரன் மகிமைப்படும் வேளை என்று இயேசு குறிப்பிடுவது தம்முடைய மரணத்தை. நிலத்தில் விழுந்து செத்து மிகுந்த பலனைக் கொடுக்கும் கோதுமை மணியைப் பற்றி அங்கேயே பேசுகிறார் (12:23, 24). தேவன் தம்மைக் கொடுப்பதுதான் அவருடைய மகிமை என்றால், மகிமைக்காகப் படைத்தார் என்பதும் அன்பினால் படைத்தார் என்பதும் எதிரெதிரான பதில்கள் அல்ல.

சபைகளும் பெரும்பாலும் இப்படித்தான் புரிந்துகொண்டன. 1647-இல் வெஸ்ட்மின்ஸ்டர் சபையார் என்னும் புராட்டஸ்டன்ட் போதகர் குழுவினர் விசுவாசத்தைக் கற்பிப்பதற்காகத் தொகுத்த சிறு வினாவிடையின் முதல் பதில், தேவனை மகிமைப்படுத்துவதையும் என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பதையும் பிரிக்காமல் ஒரே நோக்கமாகச் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் முதல் வத்திக்கான் சங்கம் 1870-இல், கடவுள் தமது பேரின்பத்தைக் கூட்டிக்கொள்வதற்காக அல்ல, படைப்புகளுக்குத் தாம் அளிக்கும் நன்மைகளின் வழியே தமது நிறைவை வெளிப்படுத்தவே படைத்தார் என்று அறிவித்தது. பலவற்றில் முரண்படும் இரு தரப்பும் இதில் இவ்வளவு நெருங்கி நிற்பதை நான் சிறிய காரியமாக எண்ணவில்லை.

ஒன்றை மட்டும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்: எல்லாம் மனிதனுக்காகவே படைக்கப்பட்டது என்று சொல்லிவிடாதீர்கள். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மனிதன் உண்டாவதற்கு முன்பே தேவன் ஆறு முறை "நல்லது" என்று கண்டுவிடுகிறார். யோபு 38, 39 அதிகாரங்களில் மனிதர் குடியில்லாத வனாந்தரத்தில் மழை பெய்கிறது. அங்கே வரும் காட்டுக்கழுதை பட்டணத்தின் இரைச்சலை அலட்சியம்பண்ணுகிறது. தன் முட்டைகளை மணலில் விட்டுவிடும் தீக்கோழி, ஓடத் தொடங்கினால் குதிரையையும் அதன்மேல் ஏறியிருப்பவனையும் பார்த்துச் சிரிக்கிறது. இவற்றால் யோபுவுக்கு எந்த ஆதாயமும் இல்லை, இருந்தும் தேவன் இவற்றைப் பற்றி வரிவரியாக, ஏறக்குறைய பெருமையோடு பேசுகிறார். வேதம் முழுவதிலும் படைத்தவரின் மகிழ்ச்சியை இவ்வளவு கிட்ட நின்று காட்டும் பகுதி வேறில்லை என்பது என் கருத்து. மனிதனுக்கென்று தனிப் பொறுப்பு உண்டு, தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் அவன் வைக்கப்பட்டான். ஆனால் கொலோசெயர் 1:16-இன்படி சகலமும் சிருஷ்டிக்கப்பட்டது கிறிஸ்துவுக்கென்றே.

இதற்குப் பிறகும் அவள், "படைக்காமலே இருந்திருக்கலாமே" என்று கேட்டால், இருந்திருக்கலாம் என்றே ஒப்புக்கொள்ளுங்கள். வெளிப்படுத்தின விசேஷம் 4:11 சொல்வது உம்முடைய சித்தத்தினாலே என்பது மட்டுமே. அந்தச் சித்தத்துக்குப் பின்னால் வேறொரு காரணத்தை அது தேடவில்லை.

அடுத்த வகுப்பில் விளக்கத்தைப் பின்னுக்கு வைத்து, 104-ஆம் சங்கீதத்தையும் யோபு 39-ஐயும் பிள்ளைகளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்போது யாராவது, இவ்வளவு நல்ல உலகத்தில் துன்பம் ஏன் என்று கேட்கக்கூடும். அதற்கு ரோமர் 8:18 முதல் 25 வரை உள்ள வசனங்களை முன்னதாகவே படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகுப்பில் அதை முடிக்க முயல வேண்டாம்.