கேட்பதும் கேட்பதும்

ஐயா,
எட்டு மாதங்களுக்கு முன் உடன் வேலை செய்யும் ஒருவன் தன்னைப் பலாத்காரம் செய்ததை என் தோழி போன வாரம்தான் என்னிடம் சொன்னாள். ‘அப்போது நீ ஏன் கத்தவில்லை?’ என்று கேட்டேன். அதிலிருந்து அவள் என் போனை எடுப்பதில்லை. அவளைப் புகார் கொடுக்க வைப்பது எப்படி? மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போகலாமா? தியானம் உதவுமா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தியானத்தை விடுங்கள். புகார் ‘கொடுக்க வைப்பது’ என்கிறீர்கள். அவள் விருப்பத்தைக் கேட்காமல் ஒருவன் ஏற்கெனவே நடந்துகொண்டுவிட்டான். நீங்களுமா?

‘ஏன் கத்தவில்லை?’ என்று கேட்டதாக நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. போன மாதத்திலிருந்து எனக்கும் அதே நினைப்புதான். என் சித்தி மகள் ஒருநாள், “அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள். சொல்லி முடித்ததும் என் வாயில் முதலில் வந்தது, “அப்பவே ஏன் சொல்லல?” பாசத்தில்தான் கேட்டேன். அவள், “சும்மா, ஏதோ தோணிச்சு” என்று எழுந்து போய்விட்டாள். அதைப் பற்றி மறுபடி வாய் திறக்க அவளுக்குப் பதினோரு வருடம் ஆனது. போன மாதம் சொன்னாள்: “அன்னிக்கு நீ கேள்வி கேட்ட. நான் சொன்னதைக் கேட்கல.” (அவளிடம் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.)

சரி, ஏன் கத்தவில்லை? கத்த முடியாமல் போயிருக்கலாம், அதனால். பெரும் பயத்தில் பலருக்கு உடம்பு உறைந்துபோகும். கையைத் தூக்க நினைத்தால் கை வராது, குரல் எழும்பாது. யோசித்து எடுக்கும் முடிவில்லை இது. ஸ்டாக்ஹோமில் பலாத்காரத்துக்கு உள்ளானவர்களுக்கான அவசர மருத்துவப் பிரிவுக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவு உறைந்திருக்கிறார்கள். 48 சதவீதம் பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, உறைந்துபோனவர்களிடம்தான் கடும் மனச்சோர்வு அதிகம். அதாவது, உங்கள் தோழி அந்தக் கேள்வியை எட்டு மாதமாகத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். ‘இல்லை, அது உன் தப்பில்லை’ என்று யாராவது சொல்வார்களா என்றுதான் உங்களிடம் வந்திருப்பாள். நீங்கள் அதே கேள்வியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். நானும் அதைத்தான் செய்தேன் என்பதால் திட்டுகிறேன்.

ஆலோசகர் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? நல்லதுதான். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களோடு வேலை செய்து பழக்கமுள்ளவராக இருக்க வேண்டும். அவள் சரி என்றால் இரண்டு மூன்று பேரை விசாரித்து வையுங்கள். யாரிடம் போவது என்பதை அவள் முடிவு செய்யட்டும். எங்கே, எப்படி என்று விவரங்களைத் தோண்டாதீர்கள்.

அப்புறம், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவலாம். சம்பவம் இப்போதுதான் நடந்தது என்றால், புகார் பற்றி முடிவெடுக்கும் முன்பே மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை ஐந்து நாள் வரை உதவும், சீக்கிரம் எடுத்தால் பலன் அதிகம். அப்போது போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கலாம், பிளாஸ்டிக் வேண்டாம்.

தோழிக்கு இன்றே எழுதுங்கள்: ‘நான் அப்படிக் கேட்டது தப்பு. நீ சொன்னதை நம்புறேன்.’ அவ்வளவு போதும். பதில் வராமல் போகலாம். ‘மெசேஜ் பார்த்தியா’ என்று போன் பண்ணாதீர்கள்.